லேசான வண்டிக்கு 32 காற்று வேண்டாம்

"கிட் காருக்கு 205 மி.மீ. அகலத்தில் செமி ஸ்லிக் போட்டு 32 பிஎஸ்ஐ காற்றடித்தால் ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் போதும்" என்கிறார் மேலே உள்ள பதிவில் ஓர் அண்ணாச்சி. (கிட் கார் என்பது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் வண்டி; செமி ஸ்லிக் என்பது ரப்பரில் பள்ளம் குறைவாக வெட்டிய ட்ராக் டயர்.) தயவுசெய்து இதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

32 என்பது ஒரு டன் எடையுள்ள காருக்கான கணக்கு. 550 கிலோ கிட் காரில் அவ்வளவு காற்று இருந்தால் டயரின் நடுப்பகுதிதான் தரையில் பதியும். டயர் குளிர்ந்திருக்கும்போது 18 முதல் 20 வரை வைத்துத் தொடங்குங்கள். ட்ராக்கில் சில சுற்று போனதும் சூட்டில் காற்றழுத்தம் தானாக ஏறும். அப்போது அளந்து குறைத்துக்கொள்ளுங்கள்.

அகலமும் அப்படித்தான். கேட்டர்ஹாம் 170 என்ற லேசான பிரிட்டிஷ் கார் கம்பெனியிலிருந்தே 155 டயரோடு வருகிறது, நம்ம வேகன் ஆர் அகலம்தான். லேசான வண்டி அகல டயரைச் சூடாக்கத் திணறும். சூடேறாத ட்ராக் ரப்பர் தரையைப் பிடிக்காது.

எனக்குப் பெரிய பயம் மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் நாங்குநேரி நாற்கரச் சாலையில் தண்ணீர் நிற்கும்போது, பள்ளம் குறைந்த அகல டயரில் இந்த எடை அப்படியே மிதந்துவிடும், அண்ணாச்சி. ரோட்டுக்கு நல்ல பள்ளமுள்ள சாதாரண டயர் போடுங்கள். கோயம்புத்தூர் கரி ரேஸ் ட்ராக்குக்குப் போகும்போது செமி ஸ்லிக்கைத் தனி வீலில் கொண்டுபோய் அங்கே மாட்டிக்கொள்ளலாம்.