ஒரு திண்ணை போதாது

அண்ணன் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். வருகிற ஐப்பசியில் எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு மாதம் தங்கி, பழைய வீடுகளை அளந்து வரைபடம் போட வேண்டுமாம். போன வாரம் அழைத்து, "சித்தப்பா, போவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பற்றி என்ன படிக்கலாம்? ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள், நேரமில்லை" என்றாள். ஒரே ஒரு புத்தகம்தான் என்றால் எதையும் படிக்காமலேயே போ என்று சொல்லிவிட்டேன். மனத்தாங்கலோடு பேச்சை முடித்துக்கொண்டாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவளுக்கும், அவளைப் போல் ஏதோ ஒரு சீமைக்குப் புறப்படுகிற எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம் பிறந்தவன். வாய்க்காலும் வயலும் பார்த்து வளர்ந்தவன். 1994 சித்திரையில் கல்லூரி நண்பன் ஒருவனின் ஊரில் பத்து நாள் தங்கினேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே, பஸ் நின்ற இடத்திலிருந்து இரண்டு மைல் நடக்க வேண்டிய ஊர். போவதற்கு முன் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலை இரண்டு முறை படித்திருந்தேன். 1976-இல் வந்த புத்தகம். தெலுங்கு தேசத்திலிருந்து அஞ்சி ஓடிவந்த ஒரு கூட்டம் தெற்கே வந்து, காட்டைத் தீயிட்டுத் திருத்தி ஊராக்கிய கதை. மங்கத்தாயாரு அம்மாள் என்ற முதுகிழவி சொல்லச் சொல்ல அந்த ஊர் நம் கண்முன்னே எழுந்து நிற்கும். அதைப் படித்துவிட்டு ரயிலில் போனபோது, சாத்தூர் தாண்டி மண் கறுத்துக்கொண்டே வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வறண்ட பொட்டல் என்று என் ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்ட நிலம், எனக்கு அந்தக் கிழவியின் நிலமாகத் தெரிந்தது. ஒரு புத்தகம் செய்யக்கூடிய பெரிய உதவி அது. இன்றும் அதற்கு நன்றி உடையவனாக இருக்கிறேன்.

நண்பன் வீடு சொந்த நிலம் வைத்திருந்த சம்சாரி வீடு. கரிசல் என்கிற அந்தக் கறுப்பு மண் சீமையில் சம்சாரி என்றால் விவசாயி. முதல் நாள் நண்பனின் தாயார், "அய்யா காட்டுக்குப் போயிருக்கிறார்" என்றபோது நான் மரங்களைத் தேடினேன். புஞ்சை நிலத்தைத்தான் அங்கே காடு என்கிறார்கள். காட்டை அழித்து ஊரானவர்களின் கதையைப் படித்துவிட்டு வந்தவனுக்கு, அந்தச் சொல் இன்னும் வாயில் இருப்பதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எட்டு நாள் அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஊரைப் பார்த்தேன். எல்லாம் புத்தகத்தில் படித்தபடியே இருப்பதாக நினைத்தேன்.

ஒன்பதாம் நாள், நண்பனின் தாயார் கொடுத்தனுப்பிய ஒரு பாத்திரத்தை ஊரின் கடைசித் தெருவுக்கு எடுத்துப்போனேன். வாசலில் ஒரு அம்மாள் தீப்பெட்டிக்கு மேல்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். யார், எந்த ஊர் என்று விசாரித்தார். உங்கள் பக்கத்தைப் பற்றி ஒரு புத்தகம் படித்தேன், அதனால் பார்க்க வந்தேன் என்றேன். "அதில் நாங்கள் இருக்கிறோமா?" என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை. பசை தடவிய கை நிற்கவில்லை. நான் அந்த நாவலின் பக்கங்களை மனத்துக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆமாம் என்று உடனே சொல்ல வரவில்லை.

கி.ரா.வை நான் குறை சொல்லவில்லை. 1923-இல் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் ஒரு சம்சாரிக் குடும்பத்தில் பிறந்தவர், தான் உட்கார்ந்திருந்த திண்ணையிலிருந்து தெரிந்ததை இவ்வளவு நேர்மையாக எழுதியதே பெரிது. அவருடைய 'கிடை' குறுநாவலில் செவனி என்ற பெண்ணுக்கு நேர்வதை அவர் மூடி மறைக்கவில்லை. தவறு என்னுடையது. ஒரு வீட்டுத் திண்ணையை ஊர் என்று நினைத்தது நான்தான். அதனால்தான் ஒரே புத்தகம் படித்துவிட்டுப் போவதைவிடப் படிக்காமல் போவது மேல் என்கிறேன். படிக்காதவன் வழி கேட்பான். ஒன்றை மட்டும் படித்தவனுக்குக் கேட்கவே தோன்றாது.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் தேடிப்போனது பூமணியை. கோவில்பட்டிக்குப் பக்கத்து ஆண்டிப்பட்டியில் 1947-இல் பிறந்தவர். 1979-இல் வந்த அவருடைய 'பிறகு' நாவலில், ஊருக்குச் செருப்புத் தைக்க வந்து குடியேறும் அழகிரிதான் நடு ஆள். அதே கரிசல், அதே வெயில். ஆனால் தெருவில் யார் நிமிர்ந்து நடக்கலாம், யார் ஒதுங்க வேண்டும், எந்த வாசல் வரைக்கும் போகலாம் என்பதெல்லாம் இப்போது வேறு பக்கத்திலிருந்து தெரிந்தது. என் அண்ணன் மகளுக்கு இது மிகவும் வேண்டும். வீட்டை அளப்பவள் திண்ணையின் நீள அகலத்தைக் குறித்துக்கொள்வாள். அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்ததே இல்லை என்பது அளவு நாடாவில் வராது.

அடுத்தது அவருடைய 'வெக்கை', 1982. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஒரு சிறுவன் தன் அய்யாவோடு காடு கரை என்று அலைகிற கதை. 2019-இல் 'அசுரன்' என்று படமாக வந்தது இதுதான். படம் பார்த்துவிட்டேன், போதும் என்று சொல்கிறவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், புத்தகத்தைப் படியுங்கள். படத்தின் வேகத்தில் கிடைக்காத ஒன்று அதில் இருக்கிறது. ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறவனின் கண்ணால் நிலத்தைப் பார்ப்பது. ஓடை, புதர், கிணறு, பாறை எல்லாவற்றுக்கும் அந்தக் கண்ணில் வேறு பொருள். நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றுமில்லாத வெட்டவெளி என்று தோன்றுகிற இடத்தில் எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

மூன்றாவது, உருளைக்குடியில் பிறந்த சோ. தர்மனின் 'சூல்'. 2016-இல் வந்தது, 2019-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஒரு கண்மாய்தான், அதாவது பாசன ஏரிதான், அதன் நாயகன் என்று சொல்லலாம். எட்டயபுரம் ஜமீன் காலத்தில் ஊரே கூடித் தூர்வாரிக் காத்த கண்மாய், சுதந்திரத்துக்குப் பிறகு எப்படிக் கேட்பாரற்றுப் போனது என்பதை மீன், பறவை, மரம், மடை என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். ஜமீன் காலத்தின் மீது அவருக்கு இருக்கும் பரிவு எனக்கு முழுதாக ஏற்புடையதல்ல. ஆனாலும் ஒரு கண்மாய்க்கரையில் நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நாவல்தான். மானாவாரி நிலத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி உட்கார்ந்திருக்கும் ஊருக்குக் கண்மாய் என்றால் என்ன என்று, காவிரிப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

பெட்டி ஒட்டிய அந்த அம்மாளுக்கு இன்னும் பதில் சொல்லியாகவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்று அங்கே சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலை இல்லாமல் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்தைப் பேச முடியாது. மழை பொய்த்தாலும் அடுப்பு எரிந்ததற்குக் காரணம் அந்த வேலைதான். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை ஒரு காலத்தில் விழுங்கியதும் அதுதான். ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையை இதற்காகப் படிக்கச் சொல்வேன். 'பூ' படத்துக்கு மூலக்கதை அது. பாமாவின் 'சங்கதி' கரிசலுக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர்களைச் சேர்ந்ததுதான், என்றாலும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் மைக்கண்ணி என்ற சிறுமியை அதில் சந்தித்தவர்கள் மறக்க முடியாது. பெண்கள் எழுதிய கரிசல் என் அலமாரியில் மிகவும் குறைவு. இது எனக்கு நீண்ட நாளாக உறுத்துகிற விஷயம். சொல்கிறவர் ஆணாகவே இருந்தால், அடுப்படியும் களையெடுப்பும் நமக்குத் தூரத்துக் காட்சியாகவே நின்றுவிடும்.

இவ்வளவும் நாவலாகவே இருக்க வேண்டுமா என்று அவள் கேட்பாள். வேண்டாம். நேரமில்லாதவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது ஒரு சிறுகதை. கி.ரா.வின் 'கதவு'. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். ஓர் ஏழை வீட்டில் இரண்டு பிள்ளைகள் கதவைப் பஸ்ஸாக நினைத்து ஏறி ஆடி, டிக்கெட் கொடுத்து விளையாடுகிறார்கள். தீர்வை, அதாவது நிலவரி, பாக்கிக்காகத் தலையாரி அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார். கதவில்லாத வீட்டுக்குள் கார்த்திகை மாதத்து வாடை நுழைகிறது. அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை. வீடுகளை அளக்கப் போகிற பெண், ஒரு கதவு என்பது எவ்வளவு பெரிய பொருள் என்று தெரியாமல் அங்கே போய்விடக்கூடாது. அதே இடைசெவலில், அதே 1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் பிறந்தவர் கு. அழகிரிசாமி. அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' கதையையும் சேர்த்துப் படித்தால் ஒரு தீபாவளி நாளின் கதைக்குள் அந்த ஊரின் ஏழ்மையும் ஈரமும் முழுதாகத் தெரிந்துவிடும். ஒரே சின்ன ஊரிலிருந்து இப்படி இருவர் எப்படி வந்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

சொற்களுக்குக் கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது. 1982-இல் வந்தது. கல்லூரிப் படிப்பு இல்லாத ஒரு சம்சாரி தன் மக்களின் சொற்களைத் தானே சேர்த்து அகராதியாக்கினார் என்பதை நினைத்துப் பாருங்கள். தினம் நாலு பக்கம் புரட்டினால் போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அதில் படித்த சொற்களை அங்கே போய்ப் பேசிக் காட்டக்கூடாது. வெஞ்சணம் வேண்டுமா என்று யாராவது கேட்டால், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வதற்காகத்தான் அந்தப் படிப்பு. இரண்டு நாள் வந்தவர் தங்கள் பேச்சைத் திருப்பிப் பேசிக் காட்டும்போது, அது தங்களைக் கேலி செய்வதுபோல் அவர்களுக்குப் படலாம்.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதற்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டு. சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே மண் ஈரம் குடித்து உப்பிக் காலைப் பிடித்து இழுக்கும், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். நான் சித்திரையில் மட்டும் பார்த்துவிட்டு வந்து, அது எப்போதும் அப்படித்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கம்பும் உளுந்தும் பாசியும் பச்சையாக நிற்கும் கரிசலை முதன்முதலில் பார்த்தபோது வேறு ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

புத்தகத்தில் இல்லாதவையும் அங்கே நிற்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன. பருத்தி இருந்த காடுகளில் மக்காச்சோளம் வந்துவிட்டது. 2018-க்குப் பிறகு அதில் படைப்புழு விழுந்து சம்சாரிகளை அலைக்கழித்தது. தரிசாகக் கிடக்கும் இடங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். நாவலில் படித்த ஊர் இல்லையே என்று அங்கே போய் ஏமாற்றப்பட்டதுபோல் முகம் வாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கும். அங்கே இருப்பவர்கள் ஒரு நாவலாசிரியருக்காக 1940-களிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று நாம் எப்படி எதிர்பார்க்கலாம்? பருத்தி கட்டுப்படியாகவில்லை என்றால் அவர்கள் வேறு விதைப்பார்கள்.

வெள்ளைக்காரர் காலத்துத் திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் என்ற அரசு விவரத் தொகுப்பு, 1917-இல் பேட் (Pate) என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதியது, தேவைப்பட்டால் புரட்டலாம். சாலை, மழை, ஜமீன் விவரங்கள் கிடைக்கும். மனிதர்கள் கிடைக்கமாட்டார்கள்.

போவதற்கு முன் படிக்க வேண்டாம் என்று நான் சொல்கிற புத்தகமும் ஒன்று உண்டு. பூமணியின் 'அஞ்ஞாடி'. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். அதில் 1895-இன் கழுகுமலைக் கலவரமும் 1899-இன் சிவகாசிக் கலவரமும் வருகின்றன. அவள் கட்டாயம் கழுகுமலைக்குப் போவாள். பாறையைக் குடைந்து செதுக்கி, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலைக் கட்டடக்கலை படிக்கிறவர்கள் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். முதலில் அந்தச் சிற்பங்களை அவள் கண்ணால் பார்க்கட்டும். கீழே இறங்கித் தேர் ஓடும் தெருக்களில் நடக்கட்டும். திரும்பி வந்த பிறகு, அந்தத் தெருக்களில் யார் ஊர்வலம் போகலாம் என்பதற்காக உயிர்கள் போன கதையைப் படிக்கும்போது, அவள் நடந்த தெரு அவளுக்கு நினைவு வரும். பெரிய புத்தகங்களை இடம் தெரிந்த பிறகு படித்தால்தான் பாரம் தெரிகிறது. முன்னாலேயே படித்தால் பெயர்களும் ஆண்டுகளும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. எனக்கு அப்படித்தான் ஆனது.

நேற்று அவளை நானே அழைத்தேன். 'கதவு', 'பிறகு', 'சூல்' மூன்றையும் கூரியரில் அனுப்பிவிட்டேன் என்றேன். மூன்றா என்றாள், ஆனால் குரலில் கோபம் இல்லை. அகராதியை ரயிலில் ஏறும்போது தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடைசித் தெரு எந்த ஊரில் என்று கேட்டாள். சொன்னேன். முடிந்தால் போய்ப் பார்க்கிறேன் என்றாள். அந்த அம்மாளுக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும்.

விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கத்து நண்பர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் பக்கத்தைப் பற்றி அந்த ஊர்ப் பெண்களே எழுதிய கதையோ, தன்வரலாறோ, கவிதையோ இருந்தால், சிறு பதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பெயரைச் சொல்லுங்கள். ஐப்பசி முதல் வாரம் அவள் கிளம்புகிறாள். அதற்குள் வாங்கிக் கொடுத்துவிடுவேன்.