நம்ம ஆட்கள்தானே?

(ஞாயிறு ஆராதனை முடிந்த நேரம், கோயில் வராந்தா. கல்யாணத் தரகர் அண்ணாச்சி கையில் பைபிள் வைக்கும் ஜிப் பை. உள்ளே பைபிள் இல்லை. பயோடேட்டாக்கள்தான், ரப்பர் பேண்டு போட்டு, 'ஆட்கள்' வாரியாக.)

அண்ணாச்சி: தங்கமான பையன் அக்கா. பிஷப் கையால் திடப்படுத்தல் முடிந்தவன், சென்னையில் இன்ஜினியர். வரதட்சணைகூட வேண்டாமாம். கர்த்தருக்குப் பயந்த பெண்ணாக இருந்தால் போதும் என்கிறார்கள்.

அக்கா: எங்கள் பாப்பா கர்த்தருக்குப் பயப்படுவாள். எனக்குத்தான் பயப்பட மாட்டாள்.

அண்ணாச்சி: ஸ்தோத்திரம். அப்புறம்... நீங்கள் எந்தப் பக்கம்?

அக்கா: பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு. அங்கேதான் ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறது.

அண்ணாச்சி: அதில்லை அக்கா. சொந்தபந்தமெல்லாம் எந்தப் பக்கம்?

அக்கா: நாசரேத் பக்கம். 2003ல் தூத்துக்குடி - நாசரேத் என்று தனி பிஷப்போடு தனித் திருமண்டலம் ஆக்கினார்களே, அந்தப் பக்கம்.

அண்ணாச்சி: நாசரேத்தில் எல்லா ஆட்களும்தானே இருக்கிறார்கள்!

அக்கா: இயேசுவுக்கே அந்தத் தொல்லை இருந்தது. நாசரேத்திலிருந்து நல்லது ஏதாவது வருமா என்று நாத்தான்வேல் கேட்டான். அவனும் கல்யாணத் தரகனோ என்னவோ.

அண்ணாச்சி: (குரலைத் தாழ்த்தி) அவர்கள் கேட்பது, நீங்கள் நம்ம ஆட்கள்தானா என்று.

அக்கா: பாப்பாவுடைய ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டைத் தருகிறேன். பெயர், அப்பா அம்மா பெயர், ஞானப் பெற்றோர், பாதிரியார் ஐயா கையெழுத்து எல்லாம் இருக்கிறது. நீங்கள் கேட்கிற கட்டம் மட்டும் இல்லை.

அண்ணாச்சி: கட்டமெல்லாம் எதற்கு? பயோடேட்டா ஓரத்தில் சுருக்கமாக இரண்டு எழுத்து போடுவோமே...

அக்கா: மூன்று எழுத்து. சி.எஸ்.ஐ. தென்னிந்தியத் திருச்சபை.

அண்ணாச்சி: அக்கா!

அக்கா: ஏன், லேசான எழுத்தா அது? ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்று வெள்ளைக்காரன் போட்ட சண்டையையெல்லாம் தீர்த்து, 1947ல் எல்லாரையும் ஒரே சபையாக்கினார்கள். மேலத்தெருவையும் கீழத்தெருவையும் சேர்க்கத்தான் ஆளில்லை.

அண்ணாச்சி: நான் அதெல்லாம் பார்ப்பதே இல்லை. பையன் வீட்டிலும் பார்க்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்றுதான்...

அக்கா: அந்தச் சொந்தக்காரர்களைக் கேட்டால், அவர்களும் பார்ப்பதில்லையாம். அவர்களுடைய சொந்தக்காரர்கள்தான் கேட்பார்களாம்.

அண்ணாச்சி: இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது அக்கா. ஒரே பெஞ்சில் உட்காருகிறோம், ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கிறோம்.

அக்கா: குடித்த ஈரம் காயவில்லை. செருப்பு மாட்டுவதற்குள் எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்கள்.

அண்ணாச்சி: (செருப்பைப் பார்க்கிறார்.)

அக்கா: வடக்கன்குளம் கோயில் கதை தெரியுமா? 1872ல் கட்டியது. பீடம் ஒன்று. அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டு கூடம், நடுவே சுவர். ஒரு சாதிக்கு ஒரு கால். 1910ல் பாதிரியார் சுவரை இடித்துவிட்டார். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? திரும்பக் கட்டித் தரச் சொல்லிக் கேஸ் போட்டார்கள். சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போய், 1917லும் தோற்றார்கள்.

அண்ணாச்சி: (நிம்மதியாக) அது கத்தோலிக்கர் கோயில் அக்கா. நம்மில் அதெல்லாம் கிடையாது.

அக்கா: கிடையாதுதான். நாம் சுவர் வைப்பதில்லை, தரகர் வைத்துக்கொள்கிறோம்.

(அண்ணாச்சி ஜிப்பை இழுக்கிறார். பாதியில் மாட்டிக்கொள்கிறது.)

அண்ணாச்சி: சரி அக்கா, கோபப்படாதீர்கள். கடைசியாக ஒன்றே ஒன்று. பாப்பாவுக்கு அம்மா வழி...?

அக்கா: அம்மா நான்தான். வழி அதோ, கேட் பக்கம்.