ஊதாத விசில்

"ரெஃப்ரியும் மனுஷன்தானே மச்சி, விடு."

இந்த டயலாக்கை இன்னிக்குக் காலையில மட்டும் அஞ்சு தடவை கேட்டாச்சு. நாலு தடவை அந்த ரெஃப்ரிக்காக. அஞ்சாவது எதுக்குன்னு கடைசியில சொல்றேன், அதைச் சொல்லும்போது எனக்கே வயிறு எரியும்.

நேத்து (2025 ஏப்ரல் 27) ராத்திரி என்.பி.ஏ., அதான் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக், அதோட பிளேஆஃப் மேட்சை முழிச்சிருந்து பார்த்தவங்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்ல. நியூயார்க் நிக்ஸ் 94, எங்க டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 93. ஒத்தப் பாயிண்ட்! (மதுரைக்காரனுக்கு எதுக்குடா டெட்ராய்ட்னு கேக்காதீங்க. 2004 ஃபைனல்ல லேக்கர்ஸை 4-1னு சாய்ச்சப்ப புடிச்ச பைத்தியம், இன்னும் தெளியல.) போன சீசன்ல 82 மேட்ச்ல 14தான் ஜெயிச்சாங்க. தொடர்ச்சியா 28 தோத்தாங்க, அதுக்கும் விடியக்காலையில அலாரம் வெச்சு எந்திரிச்சவன் நான். இந்த வருஷம் தலையெடுத்து பிளேஆஃப் வந்தா, 2008க்கு அப்புறம் சொந்த ஊர்ல ஒரு பிளேஆஃப் மேட்ச் ஜெயிக்கிற வாய்ப்பு கைக்கு எட்டுற தூரத்துல நிக்குது.

கடைசி செகண்ட். எங்க ஸ்டார் கன்னிங்ஹாம் போட்ட ஷாட் விழல. பந்துக்கு அத்தனை பேரும் அடிச்சுப் பொரள்றாங்க. எப்படியோ அது கார்னர்ல நிக்கிற எங்காளு டிம் ஹார்டவே ஜூனியர் கைக்கு வருது. த்ரீ பாயிண்டுக்கு எழும்புறார். நிக்ஸோட ஜோஷ் ஹார்ட் பாய்ஞ்சு வந்து அவர் மேல முட்டுறார்.

விசில் இல்ல.

போன்ல திரும்பப் போட்டுப் பார்த்தேன், முட்டுறார். ஸ்க்ரீனைத் தொடைச்சுட்டுப் பார்த்தேன், முட்டுறார். பாதி வேகத்துல முட்டுறார். கால் வேகத்துல வெச்சா வந்து முட்டி, நலம் விசாரிச்சு, வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லிட்டுப் போற மாதிரி இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் இருக்கிற பெங்களூரோட சில்க் போர்டு சிக்னல்ல கூட ஒருத்தன் மேல ஒருத்தன் இவ்ளோ நெருக்கமா வரமாட்டான் சார்! விசில் அடிச்சிருந்தா மூணு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காம கூடையில போடலாம், ஒண்ணுக்கு ஒரு பாயிண்ட். ஒண்ணு விழுந்தா டை, ரெண்டு விழுந்தா முன்னால போயிருவோம். அரங்கம் மொத்தமும் கத்துது, ரெஃப்ரி காதுல மட்டும் பஞ்சு.

இதுல கொடுமை என்னன்னா, மேட்ச் முடிஞ்சப்புறம் தலைமை ரெஃப்ரியே ரீப்ளே பார்த்துட்டு, ஆமா, அது ஃபவுல்தான், கொடுத்திருக்கணும்னு ஒத்துக்கிட்டார். ரொம்ப சந்தோஷம்! கொடுங்க அந்த மூணு ஃப்ரீ த்ரோவை! ஹார்டவே இன்னும் ஊர்லதான் இருப்பார், கூப்பிட்டா ஓடி வருவார்! அதெல்லாம் கிடையாது. ஸ்கோர் ஸ்கோர்தான். போதாக்குறைக்கு, இழுபறி மேட்ச்னா மறுநாள் "கடைசி ரெண்டு நிமிஷ அறிக்கை"னு ஒண்ணு விடுவாங்க, 2015ல இருந்து இருக்கிற பழக்கம். எது சரி, எது தப்புன்னு வரி வரியா மார்க் போட்டு வரும். செத்தவன் வீட்டுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்.

கோச் சேலஞ்ச் பண்ணலாமேன்னு கேப்பீங்க. முடியாது. விசில் ஊதி ஃபவுல் கொடுத்தாத்தான் அதை சேலஞ்ச் பண்ண முடியும். ஊதாத விசிலுக்கு அப்பீலே இல்ல. ஏட்டு புகாரை வாங்கலன்னா திருட்டே நடக்கலங்கிற மாதிரி. நம்ம கிரிக்கெட்ல நாட் அவுட்னு தலையாட்டினாலும் டி.ஆர்.எஸ். கேக்கலாம். பந்து எங்க பட்டுச்சு, எங்க போயிருக்கும்னு கோடு போட்டே காட்டுவான். இங்க அத்தனை கேமராவும் சும்மா அழகுக்கு.

இதைத்தான் காலையில தர்ஷினியில, அதான் இங்க நின்னுக்கிட்டே சாப்பிடுற டிபன் கடையில, நின்னுக்கிட்டே ரூம்மேட்கிட்ட பொலம்பினேன். இங்க பெங்களூர் அல்சூர்ல பொறந்த தமிழன், ரத்தம் மட்டும் ஆர்.சி.பி. சிவப்பு. நேத்து டெல்லியில போய் ஆறு விக்கெட்ல ஜெயிச்சாங்களா, "ஈ சல கப் நம்தே" (இந்தத் தடவை கப் நமக்குத்தான்)னு தெரு அதிரக் கத்திட்டு பதினொண்ணரைக்கே குறட்டை விட்டவன். என் மேட்ச்ல ஒரு நிமிஷம் பார்க்கல. ஆனா தீர்ப்பு ரெடியா இருக்கு: ரெஃப்ரியும் மனுஷன்தானே.

யாருடா சொல்றது? 2019 மார்ச்ல சின்னசாமி ஸ்டேடியத்துல மும்பையோட ஐ.பி.எல். மேட்ச், ஆர்.சி.பி.க்குக் கடைசி பால்ல 7 ரன் வேணும், மலிங்கா கால் கோட்டைத் தாண்டினதை அம்பயர் பார்க்கல. ஆறு வருஷமாச்சு. இன்னிக்கும் அந்தப் பேச்சை எடுத்தா இவன் தட்டுல இருக்கிற வடையை எடுத்து வெச்சு, இதான் கிரீஸ், என் ரெண்டு விரல்தான் மலிங்கா கால்னு நடத்திக் காட்டுவான். நோ பால்னா ஒரு ரன், அப்புறம் ஃப்ரீ ஹிட், அதுல ஒரு சிக்ஸ்... வடை ஆறிப் போயிரும், இவன் ஆறமாட்டான். அன்னிக்கு அந்த அம்பயர் மட்டும் என்ன, ரோபோவா? அவங்களுக்காவது 2020 ஐ.பி.எல்.ல முன்னங்காலைப் பார்க்கிற வேலையைத் தேர்ட் அம்பயர்கிட்ட கொடுத்தாங்க. டெட்ராய்டுக்கு என்ன கொடுத்தாங்க? அனுதாபம்.

இதை அப்படியே கேட்டேன். சாம்பார்ல வடையை முக்கிக்கிட்டே, "அது வேற மச்சி" ன்னான்.

பேச்சை முடிச்சுக்கிட்டு ரூமுக்கு வந்து குளிக்கப் போனேன். தலை முழுக்க ஷாம்பு போட்டுட்டுக் குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து. நேத்து ராத்திரி காவேரித் தண்ணி வர்ற நாள். மோட்டர் போட வேண்டியது அவன் முறை. கண்ணைத் திறக்க முடியாம உள்ளேருந்து கத்தினேன், கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அப்புறம் மெதுவா, "மறந்துட்டேன்டா... நானும் மனுஷன்தானே."

சிரிச்சுட்டேன். வேற என்ன பண்றது. வாயில நுரை போச்சு.

குடிக்க வெச்சிருந்த கேன் தண்ணியில பாதியைத் தலையில ஊத்திக்கிட்டு ஆபீஸோட காலை ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல போய் உக்காந்தேன். இந்த மாசம் கேனுக்குக் காசு கொடுக்கிறதும் அவன் முறைதான். அதையும் இன்னும் கொடுக்கல.