மேக்னட் போல்ட் ஆயிலைக் காப்பாத்தாது

ரெண்டு நாளா அந்த வீடியோல என்னை டேக் பண்ணிக்கிட்டே இருக்கீங்க, பார்த்துட்டேன். எஞ்சின் அடியில ஆயில் இறக்குற ட்ரெயின் போல்ட்டை மேக்னட் வச்சதா போட்டா பைக்குக்கு 10,000 கிலோமீட்டர் வரைக்கும் ஆயிலே மாத்த வேணாமாம். பைக் மெக்கானிக் நான், தப்புன்னு நாலு வரி எழுதினேன், அதுக்கு "உன் பொழப்பு போயிடும்னு பயப்படுற"ன்னு பதில். அந்த வார்த்தை ரொம்ப வலிச்சுது.

மேக்னட் இரும்பைத்தான் பிடிக்கும். ஆயில் கெடுறது இரும்புத்தூளால மட்டுமா? சூட்டுல ஆயிலே கெட்டுப்போகுது, கரி சேருது, பெட்ரோல் கலக்குது, ஆயிலோட குணத்துக்காகக் கலக்குற அடிட்டிவ் தீர்ந்துபோகுது, இதுல எதை மேக்னட் பிடிக்கும்? பிஸ்டன் அலுமினியம், அந்தத் தூள்கூட ஒட்டாது.

"அப்போ மேக்னட் வேஸ்ட்டா"ன்னு கேப்பீங்க. நான் அப்படிச் சொல்லவே இல்ல. ஸ்ப்ளெண்டர்ல பேப்பர் ஃபில்டரே கிடையாது, ஒரு சல்லடையும், சுத்தி அழுக்கை ஒதுக்குற ரோட்டரும்தான், கியரும் கிளட்சும் அதே ஆயில்லதான் ஓடுது, அதுல மேக்னட் இருந்தா நல்லதுதான். ஆனா ஒட்டினதைத் துடைக்கணும்னா ஆயிலை இறக்கித்தானே ஆகணும்?

எங்கப்பா லாரி ஓட்டினவர். பின்சக்கரத்தைச் சுத்தவைக்கிற கிரௌன் கியர்ல ஆயில் இறக்கும்போது மேக்னட் போல்ட்டுல இருக்கிற கறுப்பு மையை ரெண்டு விரலால தேய்ச்சுப் பார்ப்பார். வழவழன்னு இருந்தா துடைச்சு மாட்டிடுவார். ஒருதடவை நகத்துண்டு மாதிரி ஒரு சில்லு விரல்ல குத்துச்சு, அன்னிக்கே வண்டியை நிறுத்திட்டார். பிரிச்சுப் பார்த்தா அதோட சேர்ந்து ஓடுற சின்ன கியர், பினியன்ல ஒரு பல்லு மூளி. மேக்னட் அதுக்குத்தான், உள்ள என்ன நடக்குதுன்னு காட்டிக்கொடுக்க.

"கார்ல 10,000 ஓட்றாங்களே"ன்னு ஒருத்தர். கார்ல மூணு நாலு லிட்டர் ஆயில் சார், நம்ம பைக்ல ஒரு லிட்டர். அதோட சாதாரண நியோடிமியம் மேக்னட் 80 டிகிரி தாண்டினாலே பலம் குறையும், வெயில்ல ட்ராஃபிக்ல நிக்கிற பைக்கோட ஆயில் சூடு 100ஐயே தாண்டிடும். மலிவு போல்ட்டுல எந்த மேக்னட் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

பொழப்புக்கு பயமாம். ஒரு ஆயில் சர்வீஸ்ல எனக்கு என்ன பெருசா நிக்கப்போகுது? எஞ்சின் போனாத்தான் எனக்குக் காசு.

போன மாசம் ஒரு டெலிவரி பையன் வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தான். 9,000 ஓட்டியிருக்கான். போல்ட்டைக் கழட்டினா அரை டம்ளர்கூட வரல, வந்ததும் தார் மாதிரி. பிஸ்டன் பிடிச்சிருச்சு. தவணை இன்னும் பாக்கி இருக்கிற வண்டி. "அண்ணே, மேக்னட் போட்டிருந்தேனே"ன்னு கேட்டான். அந்தப் பையனுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?