சோழி போட்டு எழுதிய நாவலா?

கொழிஞ்சாம்பாறை வாசகர் குழுக்களில் இரண்டு நாளாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உலகப்போரில் ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயித்ததாக பிலிப் கே. டிக் 1962-இல் எழுதிய ‘தி மேன் இன் தி ஹை காஸில்’ நாவல், நம்மூர் சோழிப் பிரசன்னம் பார்த்து எழுதியதாம், தலைவிதி மாறாது என்பதுதான் அதன் கருத்தாம். இரண்டுமே தப்பு.

அவர் கதையை நகர்த்தப் பயன்படுத்தியது ஐ சிங் என்ற, குறி பார்க்கும் பழைய சீன நூல். பெயருக்கே ‘மாற்றங்களின் நூல்’ என்றுதான் அர்த்தம். மூன்று காசுகளை ஆறு முறை போடுவார்கள், ஒரு முறைக்கு ஒரு கோடு (முழுசாகவோ நடுவில் உடைந்தோ), கீழிருந்து மேலாக அடுக்கினால் 64 உருவங்களில் ஒன்று கிடைக்கும். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டி 6 அல்லது 9 வந்துவிட்டால் அந்தக் கோடு எதிர்மாறாகத் திரும்பும், அப்புறம் உருவமே வேறு! தாயம் விழுந்தால் ஆட்டம் மாறுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கதைக்குள்ளேயே, ஜெர்மனி தோற்றதாகச் சொல்லும் இன்னொரு நாவல் இருக்கிறது. அது ஏன் எழுதப்பட்டது என்று கடைசியில் கதாபாத்திரங்களில் ஒருத்தியான ஜூலியானா ஐ சிங்கைக் கேட்கிறாள், வருவது 61-ஆம் உருவம், ‘உள் உண்மை’. அந்த நாவல் சொல்வதே நிஜம் என்று எடுத்துக்கொள்கிறாள்.

இந்தக் கதையின் வெப் சீரிஸ் மட்டும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும், அதில் அந்த நாவலுக்குப் பதில் பிலிம் சுருள்தான்.