பேப்பரில் எண் வராத பிள்ளைகளையும் தேடுங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். "சார், நாங்க 92 பத்தாம் வகுப்பு செட். மண்டபம் பிடிச்சாச்சு, நீங்க கண்டிப்பா வரணும்." உசிலம்பட்டிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூப்பிட்ட சந்திப்புகளுக்கெல்லாம் போயிருக்கிறேன், இனியும் போவேன். நரைத்த மீசையோடு ஒருவர் வந்து நின்று "சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்பார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த முகத்துக்குள்ளிருந்து பழைய பையனின் முகம் மெல்ல மேலே வரும். வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

ஆனால் ஒரு விஷயம் ஒவ்வொரு தடவையும் மனதை உறுத்துகிறது. இந்த வருடம் ஏற்பாடு செய்கிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மண்டபத்தில் இருப்பவர்கள் யார் யார்? போலீஸ், வாத்தியார், பேங்க், மிலிட்டரி, சென்னையில் ஐடி. எல்லாரும் பாஸ் ஆனவர்கள். அந்த வகுப்பில் பாஸ் ஆகாதவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் எங்கே?

வாட்ஸ்அப் குரூப் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஒருவர் தன்னிடம் இருக்கும் நம்பர்களைச் சேர்க்கிறார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைச் சேர்க்கிறார்கள். எங்கள் பள்ளி பத்தாவது வரைக்கும்தான். பிளஸ் டூவுக்கு உசிலம்பட்டி போனவர்கள், அப்புறம் மதுரையில் கல்லூரிக்குப் போனவர்கள், இவர்களுக்குள்தான் தொடர்பு அறுபடாமல் இருந்தது. மற்றவர்கள் பத்தாவது ரிசல்ட் வந்த அன்றே விட்டுப்போனவர்கள்.

அப்போதெல்லாம் ரிசல்ட் பேப்பரில்தான் வரும். தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் மட்டும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். டீக்கடையில் பேப்பரை விரித்து விரலை வைத்துத் தேடுவார்கள். எண் இல்லையென்றால் ஃபெயில். "அக்டோபர்ல எழுதிரலாம்டா" என்று தைரியம் சொல்லுவோம். சிலர் டுடோரியலில் சேர்ந்து எழுதி மேலே வந்தார்கள். பலர் அடுத்த வாரமே பஸ் ஏறிவிட்டார்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, கேரளத்துக்கு, ஆந்திராவுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் முறுக்குப் போட. அன்றைக்குப் பேப்பரில் எண் வராத பிள்ளைகள்தான் இன்றைக்கு குரூப்பிலும் இல்லை.

மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஊருக்கு வந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒரு மாணவரைக் கோயில் வாசலில் பார்த்தேன். ராஜமுந்திரியில் சொந்தமாக முறுக்கு, மிக்சர் வியாபாரம். ஊர்ப் பையன்கள் பத்துப் பேருக்கு மேல் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். பேச்சுவாக்கில் "நம்ம செட் குரூப்ல நீ இல்லையாப்பா?" என்று கேட்டேன். "அது பாஸானவுங்க குரூப்பு சார். பத்தாவதே தாண்டல, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வர்றது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. ஆறாவதிலிருந்து ஐந்து வருடம் என் கண்முன் உட்கார்ந்து படித்த பிள்ளை. ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால் அவன் என் மாணவன் இல்லை என்று ஆகிவிடுமா?

பெண் பிள்ளைகள் விஷயம் இதைவிட வேதனை. ஐம்பது பேர் கூடும் இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தால் அதிகம். பாதியில் படிப்பை நிறுத்தித் திண்டுக்கல் பக்கம் நூற்பாலைக்குப் போனவர்கள், பதினெட்டு நிறைந்ததும் கட்டிக் கொடுக்கப்பட்டவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிவிடுகிறது, ஊர் மாறிவிடுகிறது, முகநூலில் பெயரைப் போட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். "தேடினோம் சார், கிடைக்கல" என்று பையன்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தேட வேண்டிய இடம் வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஜாமெட்ரி பாக்ஸை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவர்கள், வெளியே போன பிறகு அவரவர் தெருவுக்குள் போய்விட்டார்கள். நண்பனின் நண்பன் என்று நம்பர் சேர்த்துக்கொண்டே போனால் குரூப்பும் அந்தத் தெருவைத் தாண்டுவதில்லை. நம் மாவட்டங்களில் எல்லாரும் கலந்து உட்கார்ந்த ஒரே இடம் பலருக்குப் பள்ளிக்கூடம்தான். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரில் கூடும்போதும் காலனிப் பிள்ளைகள் விட்டுப்போனால் அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் போனை எடுக்காதீர்கள். பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. அழிக்கக் கூடாத நிரந்தரப் பதிவேடு அது. எட்டாவதில் நின்றுபோன பிள்ளையின் பெயரும் அதில் இருக்கும். பெயரும் ஊரும் மட்டும் கேட்டு வாங்குங்கள், மற்ற விவரங்கள் உங்களுக்கு வேண்டாம். அப்புறம் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டு நேரில் போய் விசாரியுங்கள். சாமி சாட்டிப் பொங்கல் வைக்கும் நாட்களில் பெண்பிள்ளைகள் தாய்வீட்டுக்கு வருவார்கள், அண்ணன் தம்பிகளிடம் சொல்லி வைத்தால் தகவல் போய்ச் சேரும். அவர்களிடம் கூடப் படித்த பெண்களே பேசட்டும். முன்பின் தெரியாத ஆண் குரல் போனில் கேட்டால் சில வீடுகளில் அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம். வர விருப்பமில்லை என்று யாராவது சொன்னால் வற்புறுத்த வேண்டாம். கூப்பிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

மண்டபமும் வேண்டாம். தலைக்கு ஆயிரம் ரூபாய் வசூல் என்றதுமே கூலி வேலைக்குப் போகிறவர் ஒதுங்கிக்கொள்வார். முடிந்தவர் முடிந்ததைக் கொடுக்கட்டும், யார் எவ்வளவு என்று குரூப்பில் பட்டியல் போட வேண்டாம். அனுமதி வாங்கி ஞாயிற்றுக்கிழமை பள்ளியிலேயே கூடுங்கள். மேடை, மைக், ஃப்ளெக்ஸ் எதுவும் தேவையில்லை. நான் போன சந்திப்புகளில் பாதிப் பகல் பொன்னாடை போர்த்துவதிலேயே போய்விட்டது. பக்கத்தில் இருப்பவனோடு பேச நேரமில்லாமல் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அந்தச் செலவில் நூற்பாலையிலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்குப் பஸ் கட்டணமும் அன்றைய சம்பளமும் கொடுக்கலாம்.

92 செட்டிடம் இதையெல்லாம் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். பதிவேட்டிலிருந்து பெயர்களை எழுதி எடுத்திருக்கிறார்கள். ராஜமுந்திரிக்காரரிடம் நானே பேசினேன், சரக்கு அனுப்பும் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுமலை, சேடபட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்த பிள்ளைகள் சிலர் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் இருக்கிற என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், பெயர்களைச் சொல்கிறேன்.