தண்ணீர் அழுத்தத்தை யாரும் பேசுவதில்லையே
பழைய துணி துவைக்கும் மெஷின் போனால் யோசிக்காமல் முன்பக்கக் கதவு வைத்ததை வாங்குங்கள், தண்ணீர் மிச்சம் என்று இந்தக் கட்டுரை சொல்கிறது. மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்ட வீட்டில் கூரைத் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே 3 மீட்டர்கூட இல்லை; 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும், அப்படிப் பார்த்தால் எங்களுக்கு 0.3 பார்கூட வராது, இந்த வகை மெஷின்களில் பலவற்றுக்குக் குறைந்தது 0.5 வேண்டும். போன வருஷம் ஆசைப்பட்டு வாங்கியது பாதியில் நின்று பீப் பீப் என்று கத்தும், கதவும் திறக்காது, வீட்டுக்காரர் பால்வெட்டுக்குப் போட்டுப்போன சட்டை உள்ளேயே ஊறி நாறும். குழாய் மாட்டும் இடத்தில் இருக்கும் சின்ன வலையைக் குறட்டால் இழுத்தால் செம்மண் அப்பிக்கொண்டு வரும். மேலே கருத்து எழுதிய ஒருவர் அழுத்தத்தைக் கூட்ட பம்ப் வைக்கச் சொல்கிறார். சரி, பம்ப், அதற்கு ஒயரிங், அப்புறம் கரண்டு பில், யார் கட்டுவது? அந்த மெஷினைத் தங்கச்சி வீட்டுக்குத் தள்ளிவிட்டு இரட்டைத் தொட்டி மெஷினுக்கே திரும்பிவிட்டேன். குழாயில் தண்ணீர் நூலாக வந்தாலும் வாளியில் பிடித்து ஊற்றலாம், துணியைப் பிழியும் தொட்டிக்கு மாற்றுவதுதான் வேலை, அதைச் சின்னவன் முனகிக்கொண்டே செய்துவிடுவான்.